இரண்டு வெள்ளைக் கட்டுகள்

ஜூன் 4, செவ்வாய்.

தவறு: வெள்ளைக் கட்டை அனுப்புவதற்குப் பதிலாக வெள்ளைக் கட்டை அனுப்பிவிட்டேன். இருபத்து மூன்று பேருக்கு. போன புதன்கிழமையே போய்விட்டது. இன்றுதான் தெரிந்தது. சிறு தவறு.

இவ்வளவும் எழுதிவிட்டு அவள் பேனாவை மூடினாள். பிறகு திறந்து, ‘சிறு’ என்பதன் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள்.

அகாதெமியில் எல்லாரும் அவளைக் குறிப்பு என்றுதான் கூப்பிடுவார்கள். யார் தும்மினாலும் மணியோடு எழுதி வைத்துக்கொள்கிறாள் என்று அனுப்புகைப் பிரிவு அண்ணன் வைத்த பெயர், ஒட்டிக்கொண்டுவிட்டது. பகலில் தேசிய அறிவியல் அகாதெமியின் குழுப் பிரிவில் கூட்டக் குறிப்பு எழுதும் வேலை. வாரத்தில் நான்கு நாள் மாலையில் அலுவலக ஆவணப் பராமரிப்பு வகுப்பு. நாட்குறிப்பு அந்த வகுப்பு கொடுத்த பழக்கம்: மேலே அன்றைய தவறு, கீழே மறுநாளைய வேலை, நடுவே எது வேண்டுமானாலும். கூடப் படிப்பவர்கள் எழுதுவதற்குத் தவறு கிடைக்காமல் திண்டாடுவார்கள். குறிப்புக்கு அந்தக் கவலை ஒருநாளும் வந்ததில்லை.

இந்தத் தவறைக் காட்டிக்கொடுத்தவர் ஒரு செத்துப்போன மனிதர்.

பிற்பகலில் அனுப்புகை அண்ணன் ஒரு பழுப்பு உறையைக் கொண்டுவந்து அவள் மேசையில் போட்டார். ‘பெறுநர் காலமானார்’ என்று தபால்காரர் எழுதித் திருப்பியிருந்தார். கடல்வாழ் உயிரிகளில் பெரிய பெயர் எடுத்த உறுப்பினர். இறந்து பதினான்கு மாதம் ஆகிறது. இரங்கல் தீர்மானத்தைத் தட்டச்சு செய்தவளே குறிப்புதான். அவருடைய இடத்துக்குப் புது உறுப்பினர் வந்து, மாலை போட்டு, தேநீரும் கொடுத்தாயிற்று. அப்படியிருக்க இவர் பெயருக்கு உறை எப்படிப் போனது? கிழித்துப் பார்த்தாள். உள்ளே எழுபத்து நான்கு பக்கம் இருக்க வேண்டும். ஒன்பது பக்கம் இருந்தது.

இந்தக் குளறுபடி அகாதெமியைத் தவிர வேறெங்கும் நடந்திருக்காது. அங்கே அறிக்கையின் ஒவ்வொரு வரைவும் ஒவ்வொரு நிறத் தாளில் அச்சாகும். முதல் சுற்று வெள்ளை. அப்புறம் மஞ்சள், பச்சை, ரோஸ், நீலம். எந்த வரைவைப் பற்றிப் பேசுகிறோம் என்பதில் உறுப்பினர்களுக்குக் குழப்பம் வரக் கூடாதாம். மின்னஞ்சலில் அனுப்பினால் திறக்க மாட்டார்கள். தாளில் அனுப்பினாலும் திறக்க மாட்டார்கள்தான், ஆனால் நிறமாவது கண்ணில் படும். இந்த வழக்கத்தை ஏற்படுத்திய புண்ணியவான், எந்த அறிக்கையும் ஐந்து சுற்றுக்கு மேல் போகாது என்று நம்பியிருக்கிறார். ஆறாவது சுற்று வந்தபோது நிறம் தீர்ந்துபோய் மறுபடியும் வெள்ளை.

போன புதன்கிழமை குறிப்பு வேறொரு கூட்டத்தில் மாட்டிக்கொண்டிருந்தாள். உள்தொலைபேசியில் அண்ணனை அழைத்து, அலமாரியில் வெள்ளைக் கட்டு இருக்கிறது, செயலாளரின் சுற்றறிக்கையை ஒவ்வோர் உறை மேலும் பின் குத்தி அனுப்பிவிடுங்கள் என்று சொன்னாள். எத்தனையாவது சுற்று என்று சொல்லவில்லை. அலமாரியில் இரண்டு வெள்ளைக் கட்டுகள் இருந்தன. அண்ணன் எது கனம் குறைவோ அதை எடுத்துக்கொண்டு போனார். யார்தான் எடுக்க மாட்டார்கள்?

அந்த மெலிந்த கட்டு மூன்று வருஷத்துக்கு முன்னால் அச்சானது. முகவரி எழுதி ஒட்டியதோடு சரி, யாருக்கும் போகவில்லை. அதற்கு ஒரு கதை இருக்கிறது.

பள்ளிக்கூடக் குழாய்த் தண்ணீரைப் பிள்ளைகள் குடிக்கலாமா என்று அரசு அகாதெமியைக் கேட்டிருந்தது. ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லிவிடக்கூடிய கேள்வி. அதற்கு உள்ளபடியே விடை தேடிப் போனவள் ஓர் இளம் ஆராய்ச்சியாளர். அலுவலகத்தில் அவளுக்குக் குழாயக்கா என்று பெயர். ஆராய்ச்சியாளர்களுக்குத் தோள் கொடுப்பதே முதல் நோக்கம் என்று அகாதெமி வாசலில் பித்தளைப் பலகையே வைத்திருக்கிறது. அவளுக்குக் கொடுத்த தோள் இவ்வளவு: ஒரு கேடயம், தலைவரோடு ஒரு புகைப்படம், மாடிப்படிக்கு அடியில் ஒரு மேசை, இரண்டு வருஷ உதவித்தொகை. அந்த இரண்டு வருஷமும் அவள் விடிவதற்கு முன்னால் ஒவ்வொரு பள்ளியின் வாசலிலும் போய் நின்றாள். இரவெல்லாம் குழாய்க்குள் தேங்கி நின்ற தண்ணீரில்தான் ஈயம் அதிகமாக இறங்கியிருக்கும். முதல் ஆள் குழாயைத் திறப்பதற்குள் பிடித்துவிட வேண்டும். இருநூற்றுப் பன்னிரண்டு பள்ளிகள். அறுபத்தொன்றில் ஈயம் வரம்பைத் தாண்டியிருந்தது; பழைய குழாய் இணைப்புகளில் உருக்கி ஒட்டிய ஈயப் பற்றுதான் காரணம். ஒன்பது பக்கத்தில் எழுதிக் கொடுத்தாள். கடைசி இரண்டு பக்கம் பள்ளிகளின் பெயர்ப் பட்டியல்.

செயலாளர் அதை ஒரு மூச்சில் படித்தார். அகாதெமியில் எதையாவது படிக்கிற ஒரே மனிதர் அவர்தான்; எதை வெளியே விடக் கூடாது என்று தெரிய வேண்டுமே, அதற்காக. படித்தவர், உறைகளை அலமாரியில் வைத்துப் பூட்டச் சொன்னார். இவ்வளவு பச்சையாகச் சொன்னால் அமைச்சகம் முகம் சுளிக்கும், கொஞ்சம் பக்குவப்படுத்தலாம் என்றார்.

பக்குவம் ஐந்து நிறத்தில் நடந்தது. மஞ்சளில் பெயர்ப் பட்டியல் போயிற்று, பெற்றோர் பீதியடைவார்களாம். பச்சையில் உலகத்தில் குழாய் எப்படித் தோன்றியது என்று ஓர் அத்தியாயம் முளைத்தது. ரோஸில் வேறு நாடுகளோடு ஒப்பீடு. நீலத்தில் ‘ஈயம்’ என்ற சொல்லே ‘சில உலோகங்கள்’ ஆகிவிட்டது. ஆறாவது சுற்று வெள்ளைக்கு வந்து சேரும்போது எழுபத்து நான்கு பக்கம் ஊதிப்போய், இது குறித்து மேலும் ஆராய ஒரு குழு அமைக்கலாம் என்று முடிந்தது. ஏற்கெனவே ஆராய்ந்தவளின் உதவித்தொகை மஞ்சள் காலத்திலேயே நின்றுவிட்டது. அறிக்கை வெளிவராததால் நீட்டிக்க வழியில்லை என்று கடிதம் போயிற்று. அதையும் குறிப்புதான் தட்டச்சு செய்தாள்.

பட்டியலை அவள் முழுதாகப் பார்த்தது வேலையில் சேர்ந்த முதல் மாதத்தில். முப்பத்தேழாவது பெயர் அக்கா மகள் படிக்கும் பள்ளி. அதற்கப்புறம் அந்த எண்ணை எங்கே பார்த்தாலும், பேருந்தில், டோக்கனில், இன்னொரு தடவை திரும்பிப் பார்ப்பாள்.

வரைவில் இருப்பதை வெளியே சொல்லக் கூடாது என்பது விதி. ஆகவே அக்காவிடம், பாப்பாவுக்கு வீட்டிலிருந்தே தண்ணீர் கொடுத்தனுப்பு என்று மட்டும் சொல்லியிருந்தாள். ஏன் என்று அக்கா குடைந்தாள். சொல்கிற இடத்தில் நான் இல்லை என்று குறிப்பு நழுவினாள். என்னவோ பெரிய ராணுவ ரகசியம் பார், என்று அக்கா பழிப்புக் காட்டினாலும் தண்ணீர் மட்டும் தினமும் போய்க்கொண்டிருந்தது.

செவ்வாய் மாலை வகுப்புக்குப் போகவில்லை. முதலில் குழாயக்காவுக்குப் போன் செய்தாள். அவள் இப்போது ஒரு பெயின்ட் தொழிற்சாலையின் சோதனைக் கூடத்தில் இருக்கிறாள். பழைய கணக்கு இன்றைக்கும் செல்லுமா, மூன்று வருஷத்தில் ஏதாவது மாறியிருக்குமா என்று குறிப்பு தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“குழாய மாத்தினாங்களா?”

“இல்லக்கா.”

“அப்புறம் ஈயம் எங்க போகும்? பென்ஷன் வாங்கிட்டு வீட்டுக்கா போகும்?”

எதற்காகக் கேட்கிறாய் என்று அவள் கேட்கவில்லை. அகாதெமியிடமிருந்து எதையும் எதிர்பார்க்காத குரல் அது.

அங்கிருந்து அக்கா வீட்டுக்குப் போனாள். விடுமுறை முடிந்து திங்கள்கிழமை பள்ளி திறக்கிறது. அக்கா மகள் புதுப் பையைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். குறிப்பு அந்தத் தண்ணீர் பாட்டிலைக் கையில் எடுத்து, இது சாயங்காலம் வரைக்கும் போதுமா என்று சும்மா கேட்பது போலக் கேட்டாள்.

“ரெண்டாவது பீரியட்லயே தீந்துரும் சித்தி. எல்லாரும் ஒரு வாய் ஒரு வாய்னு கேப்பாங்க.”

“அப்புறம் தாகம் எடுத்தா?”

“குழாய்ல குடிப்பேன்,” என்றாள் குழந்தை, இது என்ன கேள்வி என்பது போல.

குறிப்பு பாட்டிலை வைத்துவிட்டாள். திரும்பி வரும்போது மனசுக்குள் ஒரே ஒரு கேள்வி அரித்துக்கொண்டிருந்தது. அன்றைக்குப் போனில் எத்தனையாவது சுற்று என்று சொல்லாமல் விட்டது மறதியா? சுற்று எண்ணைச் சொல்ல அவள் மறந்ததே கிடையாது. உள்ளே எங்கேயோ முப்பத்தேழு என்ற எண் உட்கார்ந்துகொண்டு வாயை அடைத்ததா? எவ்வளவு யோசித்தும் தெரியவில்லை. தவறு என்றால் ஒத்துக்கொள்ளலாம். வேண்டுமென்றே செய்தது என்றால் அதற்கு வேறு பெயர்.

செயலாளர் அன்று அலுவலகத்தில் இல்லை. ‘ஆராய்ச்சியில் நேர்மை’ என்ற கருத்தரங்கைத் தொடங்கி வைக்கப் போயிருந்தார்.

புதன்கிழமை காலை குறிப்பு பதில் கோப்பைத் திறந்தாள். அகாதெமியில் பதினான்காம் விதி என்று ஒன்று உண்டு: வரைவு அனுப்பி ஏழு நாளுக்குள் மறுப்பு வராவிட்டால் அந்த உறுப்பினர் ஒப்புக்கொண்டதாகக் கொள்ளப்படும். விதிகளிலேயே உறுப்பினர்களுக்கு உயிரான விதி இதுதான். ஒன்றும் செய்யாமலே இதை நிறைவேற்றிவிடலாம். அன்று மாலை ஐந்து மணியோடு கெடு முடிகிறது. பத்தொன்பது பேரிடமிருந்து மூச்சுப் பேச்சில்லை. பதில் போட்ட நான்கு பேரும் பாராட்டியிருந்தார்கள்.

தலைவர், தாம் இதுவரை படித்ததிலேயே தெளிவான அறிக்கை என்று எழுதியிருந்தார். எதையும் ‘ஆனாலும்’ என்று தொடங்குவதால் ஆனாலும் என்றே பெயர் வாங்கிய பொருளாதாரப் பேராசிரியர், சமநிலை தவறாத நடையை மெச்சியிருந்தார். மூன்றாமவர் பூச்சியியல் அறிஞர். எந்த வரைவிலும் நிறுத்தக்குறியைத் தவிர வேறெதையும் அவர் தொட்டதில்லை. காற்புள்ளி என்று பெயர். ஐம்பத்திரண்டாம் பக்கத்தில் ஒரு காற்புள்ளியைச் சேர்க்கச் சொல்லியிருந்தார். ஒன்பது பக்க அறிக்கையில்.

நான்காவது கடிதத்தைக் குறிப்பு இரண்டு முறை படித்தாள். இறந்தவரின் இடத்துக்கு வந்த புது உறுப்பினர் எழுதியது. பழைய உறைகளில் அவர் பெயரே கிடையாது. அவருக்கு எதுவுமே போகவில்லை. அறிக்கையை வரிக்கு வரி படித்து மகிழ்ந்ததாக எழுதியிருந்தார். இருபத்து மூன்று உறைகளில் நேர்மையான பதில் வந்தது செத்தவர் வீட்டிலிருந்து மட்டும்தான்.

செயலாளர் பத்தரைக்கு வந்தார். குறிப்பு எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள்: போன், அலமாரி, திரும்பி வந்த உறை, பதில்கள். ஒன்றும் விட்டுப்போகக் கூடாது என்று காகிதத்தைப் பார்த்தே படித்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திட்டவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

சரியான கட்டை மறுபடி அனுப்பினால் இன்னொரு ஏழு நாள் வேண்டும். அமைச்சகத்துக்கு வெள்ளிக்கிழமைக்குள் போயாக வேண்டும். இணைப்பைச் சரிபார்த்து அனுப்புவதாகச் சுற்றறிக்கையில் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். இந்த மூன்றையும் மனசுக்குள் கூட்டிக் கழித்துவிட்டு அவர் கதவைச் சாத்தச் சொன்னார்.

“நாளைக்குக் கூட்டத்துல மேசை மேல எழுபத்து நாலு பக்கம் இருக்கும். தலைவர் கையெழுத்துப் போட்டுருவார். முடிஞ்சுது. ரெண்டும் வெள்ளைதானேம்மா?”

“அவங்களுக்குப் போனது ஒன்பது பக்கம் சார்.”

“எவன் படிச்சான்?”

அவரைப் பொறுத்தவரை பேச்சு அதோடு முடிந்தது. கூட்டக் குறிப்பில் மட்டும் ஆறாம் சுற்று வரைவு உறுப்பினர்களுக்கு அனுப்பப்பட்டு மறுப்பின்றி ஏற்கப்பட்டது என்று எழுதிவிடும்படி சொன்னார். ஒரு வரிதானே என்றார்.

அந்த ஒரு வரிக்குக் குறிப்பின் பேனா இறங்கவில்லை. மூன்று வருஷமாக அவள் எழுதிய கூட்டக் குறிப்புகளில் வழவழா கொழகொழா நிறைய உண்டு; ‘விரிவாக விவாதிக்கப்பட்டது’ என்றால் தேநீர் குடித்தார்கள் என்று அர்த்தம். ஆனால் நடக்காததை நடந்ததாக அவள் எழுதியதில்லை. எழுதினால் அந்த அறுபத்தொரு பெயரும் மறுபடி அலமாரிக்குள் போகும், இந்த முறை அவள் கையாலேயே. எழுதாவிட்டால் அக்கா மகளுக்காக அகாதெமியையே கவிழ்த்தவள் ஆவாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவளுக்கே அவள் மேல் நம்பிக்கை வரவில்லை.

மதியம் சாப்பிடப் போகாமல் அலமாரியின் அடித்தட்டைத் துழாவினாள். ‘சொந்த நலன் அறிவிப்புப் படிவம்’ என்று ஒரு கட்டு, பிரிக்காமலே பழுத்துப்போய்க் கிடந்தது. பேசப்படும் விஷயத்தில் தனக்கோ உறவினருக்கோ தொடர்பு இருந்தால் நிரப்பித் தர வேண்டிய தாள். அகாதெமி தொடங்கிய நாளிலிருந்து ஒருவரும் நிரப்பியதாகத் தெரியவில்லை. குறிப்பு ஒன்றை உருவினாள். உறவு: அக்கா மகள். தொடர்பு: பட்டியலில் எண் 37. தேதி போட்டுக் கையெழுத்திட்டாள். பிறகு, பணியாளர்களுக்கு இந்தப் படிவம் பொருந்துமா என்று சந்தேகம் வந்து, விதிப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தாள். பொருந்தாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

மாலை ஐந்து மணி அடித்தது. மறுப்பு ஒன்றும் வரவில்லை.

வியாழக்கிழமை கூட்டத்துக்குப் பதினோரு பேர் வந்தார்கள். அகாதெமியின் கூட்ட அறையில் நீளமான மேசை, சுவர் முழுக்க முன்னாள் தலைவர்களின் படங்கள். பள்ளிக்கூடக் குழாய்த் தண்ணீரைப் பற்றிப் பேசுகிற அந்த மேசையில் ஆளுக்கொரு பாட்டில் தண்ணீர், முத்திரை உடையாமல். சில பேர் முன்னால் பழுப்பு உறையும் இருந்தது. அதுவும் முத்திரை உடையாமல்.

தலைவருக்கு முன்னால் எழுபத்து நான்கு பக்கக் கட்டும் திறந்த பேனாவும் தயாராக இருந்தன. செயலாளர் எழுந்து, வரைவு சுற்றுக்கு விடப்பட்டது, கெடு முடிந்தது, மறுப்பு இல்லை, பாராட்டுக் கடிதங்கள் வந்திருக்கின்றன என்று மளமளவென்று ஒப்பித்தார். தலைவர் பேனாவை எடுத்தார்.

ஓரத்து நாற்காலியிலிருந்து குறிப்பு எழுந்து நின்றாள். கூட்டக் குறிப்பு எழுதுகிறவள் எழுந்து நிற்பது அந்த அறைக்குப் புதிது. யாரோ ஜன்னலைச் சாத்தச் சொன்னார்.

“ஒரு தவறு நடந்திருக்கு சார். என்னோட தவறு. இப்ப உங்க முன்னால இருக்கறது யாருக்குமே அனுப்பலை. அனுப்பினது இது.”

ஒன்பது பக்கத்தை மேசையில் வைத்தாள். அதன் மேல் தன் படிவத்தையும் வைத்து, அதில் உள்ளதை வாய்விட்டும் சொன்னாள். படிவத்தை வாங்கிப் பார்த்த ஒருவர், இப்படி ஒரு படிவம் இருக்கிறதா என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்டார்.

செயலாளர் சிரித்தார். சின்ன அலுவலகக் குழப்பம், உள்ளடக்கத்தில் ஒன்றும் பெரிய வித்தியாசமில்லை என்று பூசி மெழுகப் பார்த்தார். ஒன்பதுக்கும் எழுபத்து நான்குக்கும் உள்ள வித்தியாசம் மேசை மேலேயே பக்கத்தில் பக்கத்தில் கிடந்தது. அதைக் கவனிக்காமல் இருந்தவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கும் அதன் கூடவே கிடந்தது.

இருபத்து மூன்று மேதைகளில் ஒருவராவது உறையைத் திறந்திருந்தால் ஒரு வாரம் முன்பே கூச்சல் கிளம்பியிருக்கும். கூச்சல் இல்லையென்றால் திறக்கவில்லை. இந்தச் சின்னக் கணக்கு மேசையைச் சுற்றி ஒவ்வொரு முகமாக எட்டிப் பார்த்துக்கொண்டு போவதைக் குறிப்பு பார்த்தாள். ஆனாலும் பேராசிரியர் தன் முன்னால் ஒட்டியபடி இருந்த உறையை மெல்லக் கோப்புக்கு அடியில் தள்ளினார்.

தலைவர் தொண்டையைக் கனைத்தார். உலோகவியலில் அவர் சொன்னதற்கு மறுபேச்சு கிடையாது. இதுவரை படித்ததிலேயே தெளிவான அறிக்கை என்று அவர் கையெழுத்தில் இருக்கும் கடிதம் குறிப்பின் கோப்பில் இருக்கிறது. அவர் பார்வை ஒரு தடவை அந்தக் கோப்பின் மேல் விழுந்து எழுந்தது.

“எனக்கு எது வந்துதோ அதைத்தான் நான் படிச்சேன். படிச்சுட்டுத்தான் எழுதினேன்,” என்றார்.

அவ்வளவுதான், வழி கிடைத்துவிட்டது. ஒன்பது பக்கத்தில் இத்தனை விஷயத்தை அடக்கியது தம்மை மலைக்க வைத்ததாக ஒருவர் சொன்னார். இன்னொருவருக்குச் சுருக்கமே பிடித்திருந்தது. புது உறுப்பினர் கூரையைப் பார்த்தபடி, வரிக்கு வரி படித்தேன் என்றார். குறிப்பு அவரையே பார்த்தாள். வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டாள்.

செயலாளர் விடவில்லை. எழுபத்து நான்கு பக்கமும் இந்த அவையின் மூன்று வருஷ உழைப்பு, ஒவ்வொரு திருத்தமும் நீங்கள் சொன்னது என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார். அவர் சொன்னது முழுக்க உண்மை. அதற்காகவே யாரும் அதைக் கேட்க விரும்பவில்லை.

“ஆனாலும்,” என்று ஆரம்பித்தார் ஆனாலும், “நாங்க படிச்சு ஒப்புக்கிட்டது ஒண்ணு, கையெழுத்துப் போடறது இன்னொண்ணா? நாளைக்கு நாலு பேர் சிரிக்க மாட்டானா?”

தலைவர், பதிவுக்காகப் பரிந்துரைப் பகுதியை மட்டும் ஒருமுறை வாசித்துவிடலாம் என்றார். தாம் எதை ஒப்புக்கொண்டோம் என்று தெரிந்துகொள்ள அதைவிட மரியாதையான வழி கிடையாது. குறிப்பு வாசித்தாள். பட்டியலில் உள்ள அறுபத்தொரு பள்ளிகளின் குடிநீர்க் குழாய்களை இந்த வாரமே மூட வேண்டும். இணைப்புகளை மாற்றும் வரை வெளியிலிருந்து தண்ணீர் தர வேண்டும். பெயர்ப் பட்டியலைப் பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும்.

யாரோ இருமினார்கள். ஒருவருடைய கை தானாகப் பாட்டிலின் மூடிக்குப் போயிற்று. தலைவரின் பேனா தாளுக்கு ஒரு விரல்கடை மேலே நின்றது. நின்றுகொண்டே இருந்தது. குறிப்பு அந்தப் பேனா முனையைப் பார்த்தாள்; திங்கள்கிழமை இரண்டாவது பீரியட் முடிந்து பிள்ளைகள் வரிசையில் நிற்பதைப் பார்த்தாள்.

“கொஞ்சம் காட்டமா இருக்கோ?” என்றார் தலைவர், யாரையும் பார்க்காமல்.

“படிச்சப்பவே எனக்கும் தோணிச்சு,” என்றார் காற்புள்ளி.

“தோணியிருந்தா ஏழு நாளுக்குள்ள எழுதியிருக்கலாமே சார்,” என்றாள் குறிப்பு. சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே கேட்டது.

பதினான்காம் விதியை அவர்கள்தான் அத்தனை வருஷம் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். தலைவர் ஒன்பது பக்க அறிக்கையில் கையெழுத்துப் போட்டார். பேனா கொஞ்சம் அழுத்தியே போயிற்று.

தேநீர் வந்தது. விரிவாக விவாதிக்கப்பட்டது.

எல்லாரும் கலைந்த பிறகு காற்புள்ளி மட்டும் திரும்பி வந்தார். தம் பிரதியை எங்கேயோ வைத்துவிட்டதாகவும் ஒரு நிமிஷம் அந்தப் பட்டியலைக் காட்ட முடியுமா என்றும் கேட்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஒவ்வொரு பெயராக விரலை ஓட்டினார். விரல் ஒவ்வொரு வரியிலும் தயங்கித் தயங்கி இறங்கியது. பேரன் படிக்கிறான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அறுபத்தொன்றைத் தாண்டியதும் பெருமூச்சு விட்டார்; பேரனின் பள்ளி இல்லை. நிம்மதியாகச் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார்.

“அம்பத்தொண்ணுல ஒரு காற்புள்ளி விட்டுப்போச்சும்மா.”

போட்டுக்கொடுத்துவிட்டுப் போனார்.

செயலாளர் கிளம்பும்போது அவள் மேசை அருகே நின்று, திங்கள்கிழமையிலிருந்து அவள் நூலகத்தில் பழைய இதழ்களை அடுக்கப் போகலாம் என்று நிதானமாகச் சொன்னார். அவளுடைய நேர்மைக்கு அதுதான் பொருத்தமான இடமாம். குறிப்பு தலையசைத்து, நேரத்தைப் பார்த்து அதையும் எழுதிக்கொண்டாள். நான்கு பத்து.

குழாயக்காவுக்குப் போன் போட்டாள். முதல் பக்கத்தில் உங்கள் பெயர் இருக்கிறது, கையெழுத்தாகிவிட்டது என்றாள். ஒன்பது பக்கமும்தானா என்று அவள் கேட்டு உறுதி செய்துகொண்டாள். பிறகு, அமைச்சக முத்திரை விழுந்ததும் சொல்லு, அதுவரைக்கும் நான் நம்ப மாட்டேன் என்று வைத்துவிட்டாள். அதுவும் சரிதான் என்று குறிப்புக்குப் பட்டது.

வகுப்பு தொடங்கப் பத்து நிமிஷம் இருந்தது. பின்வரிசையில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள்.

ஜூன் 6, வியாழன்.

தவறு: புது உறுப்பினருக்கு உறையே போகவில்லை என்பது எனக்குத் தெரியும். கூட்டத்தில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கையெழுத்து விழுந்திருக்காதோ என்று பயந்தேன். செவ்வாய்க்கிழமைத் தவறு தவறுதானா என்று இன்னும் தெரியவில்லை.

நாளைய வேலை: காலை ஒன்பது மணிக்கு அமைச்சகம், தபால் பெறும் பிரிவு. ஒன்பது பக்கம், எண்ணிக் கொடுக்க வேண்டும். பட்டியல் இரண்டு பக்கமும் இருக்கிறதா என்று கொடுப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டும். நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் திரும்பக் கூடாது. வரும் வழியில் அக்கா வீட்டுக்கு.